முறிக்கிற சத்தம் சான்று ஆகாது

கழுத்தைப் பிடித்து ஒரு திருப்பு. 'டக்' எண்டு சத்தம். படுத்திருந்தவர் எழும்பிச் சிரிக்கிறார். கீழே "எனக்கும் இப்பிடிச் செய்யவேணும்" எண்டு வரிசையாக எழுதியிருக்கினம். கைரோபிராக்டிக் வீடியோ பார்க்காத போன் எங்கட வயதில் குறைவு.

முதலில் அந்தச் சத்தம். அது எலும்பு தன் இடத்துக்குத் திரும்புகிற சத்தம் இல்லை. மூட்டைச் சட்டென்று இழுத்தால் உள்ளே இருக்கிற திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக்குமிழி உருவாகும். விரலில் நெட்டி முறிக்கும்போதும் இதுதான் நடக்குது. அதுக்கு யாராவது காசு குடுப்பமா?

இந்த வைத்தியத்தைத் தொடங்கினவர் டி. டி. பால்மர். அமெரிக்காவின் அயோவாவில் காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்தவர். 1895இல் காது கேளாத ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முள்ளந்தண்டை அழுத்திக் கேட்க வைத்ததாகச் சொன்னார். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே ஓடுகிறது, முதுகுப் பக்கம் வாறதே இல்லை. ஆனாலும் நூற்றுக்கு 95 நோய்க்கு விலகிய முள்ளந்தண்டு எலும்புதான் காரணம் எண்டார் அவர். பிறகு ஆஸ்துமாவுக்கும் கைக்குழந்தையின் அழுகைக்கும்கூட முதுகை அழுத்தினார்கள். இதுக்கெல்லாம் சான்று எங்கே எண்டு எழுதிய சைமன் சிங் மீது 2008இல் பிரித்தானிய கைரோபிராக்டிக் சங்கம் அவதூறு வழக்குப் போட்டது. 2010இல் வழக்கை வாபஸ் வாங்கியது.

நாரி நோவுக்குப் பலனே இல்லையா? கொஞ்சம் இருக்கு. அது உடற்பயிற்சியால் கிடைக்கிற அளவுதான். பிரித்தானியாவின் 2016 மருத்துவ வழிகாட்டலும் உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே இதை யோசிக்கலாம் என்கிறது.

கழுத்து வேறு கதை. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகிற நாடிகள் கழுத்து எலும்புகளுக்கு ஊடாகப் போகின்றன. சட்டென்று திருப்பும்போது நாடிச்சுவர் கிழிந்து பாரிசவாதம் வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கு. அரிதுதான். ஆனால் பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே குறையிற ஒரு நோவுக்கு ஏன் அந்த ஆபத்து?

சனம் மடையர் எண்டு சொல்ல வரேல்லை. ஆஸ்பத்திரியில் காலமை முழுக்கக் காத்திருந்தால், இரண்டு நிமிசத்தில் பனடோல் எழுதி அனுப்பிவிடுவினம். நோகிற இடத்தைத் தொட்டுப் பார்க்கவே ஆளில்லை. கைரோபிராக்டர் அரை மணித்தியாலம் ஒதுக்குகிறார், கதை கேட்கிறார், தொடுகிறார். அவர் விற்கிறது அந்தக் கவனிப்பைத்தான். அதைப் பிசியோதெரபி மூலம் அரச ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தரச்சொல்லிக் கேட்பதுதான் எங்கட அரசியலாக இருக்கவேணும்.

அதுவரைக்கும் நடவுங்கோ, பயிற்சி செய்யுங்கோ. கால் விறைத்தாலோ, சலத்தை அடக்க முடியாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ. கழுத்தை மட்டும் வீடியோவை நம்பி ஒருத்தரிட்டயும் குடுக்காதேங்கோ.