தூசிக்கு ஒரே விடை இல்லை

நாள் முழுவதும் சுழலும் மின்விசிறியின் இறக்கைகளில் தூசி எப்படித் தங்குகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

ஒரு கணக்கைப் போடுவோம். விசிறி நிமிடத்திற்கு 300 முறை சுழல்வதாகக் கொள்வோம். மையத்திலிருந்து 60 செ.மீ. தொலைவிலுள்ள இறக்கை முனையில், ஒரு துகளை வெளிநோக்கித் தள்ளும் மையவிலக்கு விசை அத்துகளின் எடையைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு. அப்படியும் தூசி அசைவதில்லை!

காரணம் அதன் சிறுமைதான். துகளின் ஆரம் 10 மடங்கு குறைந்தால் எடை 1,000 மடங்கு குறைகிறது. ஆனால், மூலக்கூறுகளுக்கிடையேயான வான் டெர் வால்ஸ் விசையால் உண்டாகும் ஒட்டுவிசை 10 மடங்குதான் குறைகிறது. ஆகவே துகள் சிறுக்கச் சிறுக்க ஒட்டுவிசையின் கை ஓங்குகிறது.

இவ்விசையை அளப்பது எப்படி? ஒரு தகட்டில் பொடியைத் தூவி, நுண்ணோக்கியில் துகள்களை எண்ணுகிறார்கள். பொடியுள்ள பக்கம் வெளிநோக்கி இருக்குமாறு தகட்டை மையவிலக்குப் பொறியில் வைத்துச் சுழற்றி, மீண்டும் எண்ணுகிறார்கள். பிறகு வேகத்தைக் கூட்டுகிறார்கள். 5 செ.மீ. ஆரத்தில் நிமிடத்திற்கு 10,000 சுற்றுகள் என்றால், எடையைப்போல் ஏறத்தாழ 5,600 மடங்கு விசை கிடைக்கும். 1986-இல் உருவான அணுவிசை நுண்ணோக்கியைக் கொண்டு, ஒற்றைத் துகளையே தொடவிட்டு இழுத்துப் பிரித்தும் அளக்கலாம்.

இங்கேதான் வியப்பு. ஒரே அளவுள்ள துகள்கள்கூட ஒரே வேகத்தில் விழுவதில்லை. சில உடனே உதிர்கின்றன. சில கடைசிவரை பிடிவாதமாக ஒட்டிக்கொள்கின்றன. பரப்பின் மேடுபள்ளம், காற்றின் ஈரம், நிலைமின்னூட்டம் ஆகியவை இடத்துக்கு இடம் மாறுவதே காரணம். எனவே இச்சோதனையின் விடை ஓர் எண் அன்று, ஒரு வரைகோடு.

நம் செய்முறை வகுப்புகளில் இத்தகைய சோதனை ஒன்றேனும் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. புத்தகத்திலுள்ள விடையை முதலில் பார்த்துவிட்டு, அதற்கேற்ப அளவீடுகளை எழுதும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். குற்றம் அவர்களுடையதன்று, 'சரியான' எண்ணுக்கு மட்டுமே மதிப்பெண் போடும் எங்களுடையது. அளவீடுகள் சிதறினால் அது எப்போதும் நம் பிழையாக இருக்க வேண்டியதில்லை. சில வேளைகளில் இயற்கையே அப்படித்தான்.

இது வெறும் ஏட்டு வாதமன்று. ஆஸ்துமா நோயாளிகள் உறிஞ்சும் சிலவகைப் பொடி மருந்துகளில், சுமார் 5 மைக்ரானுக்கும் குறைந்த மருந்துத் துகள்கள் பெரிய லாக்டோஸ் துகள்கள்மீது ஒட்டியிருக்கும். மூச்சை இழுக்கும்போது அவை பிரிந்தால்தான் நுரையீரலை அடையும். பிரியாதவை தொண்டையிலேயே தங்கிவிடும். எத்தனை பங்கு பிரியும் என்பதே அங்கே கேள்வி. மூச்சுத் திணறுபவருக்குச் சராசரி எண் மட்டும் போதுமா?

நீங்களே தொடங்கலாம். கண்ணாடித் தகட்டில் சாக்கட்டித் தூளைத் தூவி, பள்ளி நுண்ணோக்கியில் எண்ணுங்கள். தகட்டைக் கவிழ்த்து, பென்சிலால் மெல்லத் தட்டி, மீண்டும் எண்ணுங்கள். மழைநாளில் ஒருமுறை, வெயில்நாளில் ஒருமுறை செய்து ஒப்பிடுங்கள். எண்ணியதை எண்ணியபடியே எழுதுங்கள். அறிவியல் அந்த நேர்மையில்தான் தொடங்குகிறது.