பருவச் சொல் யாருடையது? ஹைக்கூவின் நாளையும் சாதியும்

கடந்த ஐப்பசியில், ராயகிரிக்குப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு ஹைக்கூப் போட்டி நடத்தினார்கள். மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். வந்த கவிதைகளில் ஒன்று என்னை நிறுத்திவிட்டது. அடைமழை பெய்கிறது, முழங்கால் சேற்றில், நெல்வயலுக்குள் பாடையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், பக்கத்தில் தார்ச்சாலை காலியாகக் கிடக்கிறது. எழுதியவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி.

மற்ற இரண்டு நடுவர்களும் அதை ஒதுக்கினார்கள். "இதில் இயற்கை இல்லை, பருவம் இல்லை. இது புகார். வேண்டுமானால் சென்ரியூ என்று சொல்லலாம்" என்றார் ஒருவர். நான் வாதாடினேன். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றேன். பரிசு மலைமேல் நிற்கும் நிலாவுக்குப் போனது.

அந்தத் தீர்ப்பு இன்னும் உறுத்துகிறது. ஐப்பசி மழை பருவம் இல்லையென்றால், பருவம் என்பது எது?

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரெல்லாம் 'சீசன்' என்கிறது. அருவியில் குளிக்க வருகிறவருக்கு அது சீசன்தான். அதே சாரலில் நனைந்தபடி நாற்று நடுகிறவருக்கும் அது சீசன்தான். பொதுப் பாதை மறுக்கப்பட்டவர்களுக்கு மழைக்காலம் என்பது, பிணத்தை வயல் சேற்றில் சுமக்கிற காலம். பருவச் சொல்லின் வேலை, காலம் மனிதர் உடம்பில் எப்படி இறங்குகிறது என்று காட்டுவது. அதை அந்தச் சிறுமி செய்திருந்தாள்.

ஹைக்கூ உலகக் கவிதை வடிவமாக நிலைக்குமா என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் அசையை எண்ணுகிறார்கள். ஐந்து, ஏழு, ஐந்து என்பது பிற மொழிகளில் பொருந்துமா? பருவச் சொல் கட்டாயமா? இந்தக் கேள்விகளுக்கு ஜப்பானியர்களே பதில் சொல்லிவிட்டார்கள். மசோகா ஷிகி பிறந்த மட்சுயாமா நகரில் 1999 செப்டம்பரில் வெளியிடப்பட்ட பிரகடனம், அசைக் கணக்கையும் பருவச் சொல்லையும் பிற மொழிகள் மீது அப்படியே சுமத்த வேண்டியதில்லை என்ற திசையில்தான் பேசியது. ஜப்பான் தளர்த்திய கயிற்றை இங்கே இழுத்துக் கட்டுகிறோம். அதுவும் யார் கவிதை வரும்போது கட்டுகிறோம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஹைக்கூ பிறந்த மண்ணும் தீண்டாமையை அறியாத மண் அல்ல. இறந்த மாட்டை அகற்றியவர்கள், தோல் பதனிட்டவர்கள், தண்டனை நிறைவேற்றும் வேலையில் தள்ளப்பட்டவர்கள் 'எதா' என்று இழிவாக அழைக்கப்பட்டு ஒதுக்குப்புறக் குடியிருப்புகளில் வைக்கப்பட்டார்கள். 1871இல் அரசாணை அவர்களுக்குச் சட்ட சமத்துவம் தந்தது. இழிவு போகவில்லை. 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் அவர்களே கூடி 'சுய்ஹெய்ஷா' என்ற சமத்துவ இயக்கத்தைத் தொடங்கினார்கள். இந்த வரலாறு தெரிந்தால் இஸ்ஸாவை வேறு மாதிரி வாசிப்போம். உழவர் குடும்பத்தில் 1763இல் பிறந்த அவரை நமக்கு ஈயிடமும் தவளையிடமும் இரக்கம் காட்டியவராகவே அறிமுகம் செய்கிறார்கள். அந்த ஒதுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பும் அவர் ஹைக்கூவில் வருகிறது. இஸ்ஸாவுக்கு அனுமதி உண்டு, எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இல்லை!

ஹைக்கூ என்றால் அமைதி, அரசியல் அற்றது என்பதும் பாதிக் கதையே. போரை எதிர்த்து எழுதியதற்காக 1940இல் 'கியோட்டோ பல்கலைக்கழக ஹைக்கூ' இதழைச் சேர்ந்த கவிஞர்களை ஜப்பானியக் காவல்துறை கைது செய்தது. பதினேழு அசையைப் பார்த்து ஓர் அரசு அஞ்சியிருக்கிறது.

கடல் கடந்த ஹைக்கூவை வளர்த்தவர்களில் ஒடுக்கப்பட்டவர்களும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட், பாரிசில் நோயுற்றிருந்த கடைசிக் காலத்தில் ஏறத்தாழ 4,000 ஹைக்கூ எழுதினார். 1960இல் இறந்தார். அவர் தேர்ந்தெடுத்த 817 கவிதைகள் நூலாக வர 1998 வரை ஆனது. எத்ரிட்ஜ் நைட் சிறையில் இருந்தபடியே ஹைக்கூ எழுதினார். இவர்கள் அனுமதி கேட்டு உள்ளே வரவில்லை.

தமிழுக்கு இந்த வடிவத்தை அறிமுகம் செய்தவர் பாரதி. 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார். பின்னர் அவர் வாழ்ந்த கடையம் எங்கள் தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1984இல் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்', அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி' தொகுப்புகள் வந்தன. அதன்பிறகு மூன்று வரி எழுதாத இளைஞரைத் தேடிப் பிடிக்க வேண்டும். "பருவச் சொல்லுக்கு எங்கள் திணை மரபே மூத்தது" என்ற பெருமையும் கூடவே வளர்ந்தது. அந்த மரபின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளை பெருந்திணையில் வைக்கிறது என்றே உரையாசிரியர்கள் பொருள் கொண்டார்கள். வேலை செய்கிறவரின் காதலுக்கு நடுவில் இடமில்லை. 'இது ஹைக்கூ இல்லை, சென்ரியூ' என்ற தீர்ப்பில் அந்தப் பழைய வேலிதான் தெரிகிறது.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். சாதியைப் பற்றி நாம் எழுதும் மூன்று வரிகளில் பல, முழக்கத்தை மூன்றாக மடித்தவை. இரட்டைக் குவளை, இரட்டைச் சுடுகாடு, கடைசி வரியில் ஒரு குத்து, உடனே கைதட்டல். நாளை மறந்துவிடும். ஹைக்கூ கேட்பது வேறு. பொருளைக் காட்டு, கருத்தை நீ சொல்லாதே என்கிறது. சாதி நம் ஊர்களில் பொருட்களில்தான் குடியிருக்கிறது. கையில் தூக்கிய செருப்பு, தனியாகக் கவிழ்த்து வைத்த டம்ளர், காலியாகக் கிடக்கும் தார்ச்சாலை. இவற்றைச் சாட்சி சொல்ல வைக்க ஹைக்கூவைவிடப் பொருத்தமான வடிவம் குறைவு. அந்தப் பிள்ளை 'சாதி' என்ற சொல்லைப் பயன்படுத்தவே இல்லை. நடுவர்களுக்கு அது கேட்டது. அதனால்தான் ஒதுக்கினார்கள்.

உலகம் இதைப் புரிந்துகொள்ளுமா? 'ஊர்', 'காலனி' என்ற இரண்டு சொல்லை ஒரு கவிதையில் அடுத்தடுத்து வைத்தால் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார், நல்லது. ஆனால் இரண்டையும் ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது நடுவில் உள்ள பிளவு காணாமல் போகிறது. அடிக்குறிப்பு போட்டால் போதும். ஜப்பானியப் பூவுக்கும் பூச்சிக்கும் திருவிழாவுக்கும் அரைப்பக்கக் குறிப்பு படிக்கிற உலக வாசகர், நம் ஊர்த் தெருவுக்கும் ஒரு வரி படிக்கட்டும்.

ஹைக்கூவை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்க்க ஜப்பானில் முயற்சி நடக்கிறது. சேரட்டும். ஆனால் ஒரு வடிவம் உலகுக்குப் பொதுவாவது எத்தனை நாட்டில் எழுதப்படுகிறது என்பதால் மட்டும் அல்ல. எவரும் தம் வாழ்வோடு உள்ளே வர முடிகிறதா என்பதால்தான். கோயிலுக்கும் குளத்துக்கும் நாம் வைக்கும் அதே அளவுகோல் கவிதைக்கும் உண்டு.

அடுத்த ஐப்பசியிலும் போட்டி நடக்கும் என்கிறார்கள். நடுவராகக் கூப்பிட்டால் போவேன். அதற்கு முன் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய், "நீ எழுதியது ஹைக்கூதான் தாயி" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.