அரண்மனை நான்கு: கொலைகாரனைக் காணோம்

சுந்தர் சி.யின் 'அரண்மனை 4' 2024 மே 3-ஆம் தேதி வெளிவந்தது. நன்றாக ஓடியது, வசூல் நூறு கோடி என்றார்கள். வசூலோடு எனக்கு வழக்கில்லை. தமன்னா நன்றாகவே நடித்திருக்கிறார். கோவை சரளாவும் யோகி பாபுவும் வரும்போது என் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வழக்கு வேறு. பாகத்துக்கு ஒரு பெண்ணைக் கொன்று பேயாக்கி வந்த இந்தப் பட வரிசை, நாலாவது பாகத்தில் கொலைகாரனைத் தப்பவிட்டுவிட்டது.

முதல் பாகம் 2014, அடுத்தது 2016, மூன்றாவது 2021. மூன்றுக்கும் ஒரே அச்சுதான். ஒரு பழைய ஜமீன் வீடு, அநியாயமாகச் செத்த ஒரு பெண், அங்கே வந்து சேரும் உறவுக் கூட்டம், நடுவே சிரிப்பு நடிகர்களின் கூத்து, கடைசியில் தெய்வ சந்நிதி. அலுப்பான அச்சுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. அவளைக் கொன்றது மனிதக் கை. இரண்டாம் பாகத்தில் பெற்ற வீடே குடும்ப கௌரவத்துக்காகப் பெண்ணைத் தீர்த்துக்கட்டுகிறது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவனுக்குத் தன் ஊர்ப் பெரிய வீடு ஒன்று ஞாபகத்துக்கு வராமல் போகாது.

நாலாவதில் என்ன நடக்கிறது? செல்வி வீட்டை எதிர்த்துக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவள். கணவன் சாகிறான், அவளும் சாகிறாள். தற்கொலை என்று முடித்துவிடுகிறார்கள். வக்கீலான அண்ணன் அதை நம்பாமல் ஊருக்கு வருகிறார். இதைவிட நல்ல ஆரம்பம் ஒரு படத்துக்குக் கிடைக்குமா? காதல் கல்யாணம், தூரத்து ஊர், திடீர்ச் சாவு, அவசர முடிவு, சந்தேகப்படும் அண்ணன். நம் மாவட்டத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாத கதை. அந்த அண்ணன் கடைசியில் கண்டுபிடிப்பது என்ன? அஸ்ஸாமிலிருந்து வந்த 'பாக்' என்ற பிசாசு. கொன்றவனின் உருவத்தையே எடுத்துக்கொள்ளும் என்று அந்த ஊர் நாட்டுப்புறக் கதைகள் சொல்லும் நீர்ப்பேய். ஆக, ஊரில் யார் மேலும் குற்றமில்லை. சிம்ரனும் குஷ்புவும் வந்து அம்மனுக்கு ஆடுகிறார்கள், பேய் ஒழிகிறது, எல்லோரும் சுத்தமான மனசோடு வீட்டுக்குப் போகலாம்.

நான் புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாக இருந்தவன். இறப்புப் பதிவேடு சில வருஷம் என் மேஜையில் இருந்தது. 'எத்தா சிவில்' என்று பிரெஞ்சுக்காரன் வைத்த பெயரைச் சொன்னால்தான் எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்குப் புரியும். பிரெஞ்சு சிவில் சட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஒருவர் வன்முறையால் செத்திருந்தால் அந்த விவரத்தை இறப்புப் பதிவில் எழுதக் கூடாது. அதோடு விட்டுவிடவும் இல்லை. உடலில் வன்முறைக்கு அடையாளம் தெரிந்தால், போலீஸ் அதிகாரி டாக்டரோடு வந்து பார்த்து அறிக்கை எழுதும்வரை அடக்கம் செய்யக் கூடாது என்று இன்னொரு விதி. பதிவேடு வாயை மூடலாம். விசாரணை மூடக் கூடாது.

நம் சட்டத்திலும் வழி இருக்கிறது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சந்தேகத்துக்கு இடமாக இறந்தாலோ பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும் என்று 1983-இல் திருத்தம் வந்தது. அதற்காகத்தான் கோட்டாட்சியர் விசாரணை. ஏழு வருஷம் கடந்திருந்தாலும் சந்தேகம் இருந்தால் விசாரிக்கலாம். புதைத்த உடலையும் மாஜிஸ்திரேட் உத்தரவில் தோண்டி எடுக்கலாம். 1986-இல் வரதட்சணைச் சாவு தனிக் குற்றமாகவே ஆனது. இத்தனை இருந்தும், 'வயிற்றுவலி தாங்காமல் இளம்பெண் தற்கொலை' என்ற நாலு வரிச் செய்தியை எத்தனை தடவை படித்திருப்போம்? செல்வியின் அண்ணன் ஒரு வக்கீல். அவர் கையில் ஒரு பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கொடுத்திருந்தால், எந்தப் பேயைவிடவும் அது பார்ப்பவரைப் பயமுறுத்தியிருக்கும்.

"சும்மா பொழுதுபோக்குப் படம், ஐயா" என்பார்கள். பொழுதுபோக்குக்கு நான் விரோதியில்லை. பாரிஸில் 'கிராங் கிஞோல்' என்று ஒரு நாடகக் கொட்டகை 1897 முதல் 1962 வரை நடந்தது. வேலையே ரத்தமும் கொலையும் காட்டுவதுதான். ஒரே ராத்திரியில் ஒரு பயங்கர நாடகம், அடுத்து ஒரு சிரிப்பு நாடகம் என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். சுந்தர் சி. செய்வதும் அதே வித்தைதான். ஆனால் அங்கே கத்தி பிடித்தவன் பெரும்பாலும் ஒரு டாக்டர், ஒரு பைத்தியக்காரன், வஞ்சம் கொண்ட ஒரு புருஷன். பக்கத்து நாற்காலியில் இருப்பவன் மேலேயே சந்தேகம் வரும். நம்மிடமும் அது இல்லாமலில்லை. 1978-இல் 'சிகப்பு ரோஜாக்கள்', 1984-இல் 'நூறாவது நாள்'. இரண்டிலும் பேய் கிடையாது, மனிதன்தான். அன்று தியேட்டரில் பார்த்தவர்கள் இன்றும் மறக்கவில்லை.

பேய்க் கதைதான் வேண்டுமென்றால் நம் பழைய கதைகளுக்கு என்ன குறை? பழையனூர் நீலி பழிவாங்க வந்தாள். அவளை நம்பி, உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்லி அவனை அவளோடு அனுப்பிய எழுபது வேளாளர்கள், அவன் செத்ததும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள். அங்கே தீர்ப்புச் சொன்னவன் பதிலும் சொன்னான். நம் பக்கத்து வீடுகளில் பூவாடைக்காரிக்குப் படைக்கும்போது, அகாலத்தில் போன ஒருத்தியின் பெயர் வருஷம் தவறாமல் நினைக்கப்படுகிறது. அவளை விரட்டுவதில்லை, புடவை வைத்துக் கூப்பிடுகிறோம். சினிமா அந்தத் தெய்வத்தின் ஆவேசத்தை எடுத்துக்கொண்டது, அவள் எப்படிச் செத்தாள் என்ற கேள்வியை விட்டுவிட்டது.

ஐந்தாம் பாகம் வந்தாலும் வரும். குழந்தைகளோடு போய்ப் பாருங்கள், சிரியுங்கள். ஆனால் உங்கள் தெருவில் ஒரு பெண் திடீரென்று இறந்து, பந்தல் போடும் முன்பே யாராவது "வயிற்றுவலி" என்று சொன்னால், பெரியவர்களாகிய நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பிரேதப் பரிசோதனை ஆயிற்றா, கோட்டாட்சியர் வந்தாரா? நம் வயதுக்கு அதைக் கேட்டால் யாரும் அடிக்க வரமாட்டார்கள்.