கூழுக்கு வந்த கூட்டமல்ல

ஆந்திராவின் ஓங்கோல் பாப்டிஸ்ட் சபையைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு 2,222 என்ற எண் போதும். 1878 ஜூலை 3 அன்று, குண்டலகம்மா ஆற்றில், ஒரே நாளில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்களின் தொகை அது. அமெரிக்க மிஷனரி ஜான் கிளஃப்பின் படம், அதன் கீழே இந்த எண், வரலாறு முடிந்தது. மறு கட்சிக்கு அந்த ஆண்டு போதும். தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்த கையோடு நடந்ததல்லவா, கூழுக்கு மதம் மாறியவர்கள் என்று ஒரே வார்த்தையில் ஏறக்கட்டிவிடுவார்கள்.

எங்கள் குடும்பம் அந்தப் பக்கத்திலிருந்து வந்து வியாசர்பாடியில் குடியேறிய மாதிகர், அதாவது தோல் தொழில் செய்த தலித் சாதிக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். பொதுப்பணித் துறையில் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாய்க் கரையில்தான் கழிந்தது. கூடவே வேலை பார்த்த ஒருவர் இந்தக் கூழுப் பேச்சை என் முகத்துக்கு நேராகவே சொன்னதுண்டு. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காலவரிசை. அமெரிக்க பாப்டிஸ்டுகள் நெல்லூரில் கால் ஊன்றியது 1840-இல். பலன் எதுவும் தென்படவில்லை. 1853-இல் அல்பனி நகரில் கூடிய அவர்களது சங்கக் கூட்டத்தில் இந்தத் தெலுங்கு ஊழியத்தையே மூடிவிடலாமா என்று பேசினார்கள். ஓங்கோலில் சபை அமைந்தது 1867 ஜனவரி 1-ஆம் தேதி. உறுப்பினர்கள் 8 பேர். பஞ்சம் தலைகாட்டியது 1876-இல். அதற்குள் அந்த எட்டு, ஆயிரக்கணக்காகப் பெருகிவிட்டது. அப்போது அங்கே கஞ்சித்தொட்டியும் இல்லை, நிவாரணக் கூலியும் இல்லை.

பெருகியது யாரால்? எர்ரகுண்ட்ல பேரய்யாவால். ஓங்கோலிலிருந்து ஏறத்தாழ 40 மைல் தள்ளியிருந்த கிராமத்து மாதிகர், தோல் வியாபாரி. கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு முன்பே குருமார்களிடம் உபதேசம் பெற்று யோகம் பயின்றவர், தன் சனங்களுக்கு உபதேசமும் செய்தவர். 1866-இல் அவரும் மனைவி நாகம்மாவும் ஞானஸ்நானம் பெற்றார்கள். தோல் வாங்கப் போகிறவனுக்கு ஊர் ஊராக ஆள் தெரியும். எந்த ஊரில் மாடு செத்தது, எந்த வீட்டில் கல்யாணம், யாருக்கு யார் சம்பந்தி எல்லாம் விரல்நுனியில் இருக்கும். அந்த வழியிலேதான் செய்தி போனது. சேரித் திண்ணையில் செருப்புத் தைத்துக்கொண்டே கேட்ட பேச்சு அது. கிளஃப் கூடாரத்தோடு ஒரு ஊருக்குப் போய்ச் சேரும்போது பல இடங்களில் பேரய்யாவும் அவர் உறவினர்களும் பாதி வேலையை முடித்து வைத்திருந்தார்கள். கிளஃப்பின் இரண்டாவது மனைவி எம்மா இந்த மனிதர்களின் வாய்மொழிக் கதைகளைக் கேட்டு 1899-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். நம் சபை மலர்களில் அதைப் பற்றி ஒரு பத்தியாவது வந்து நான் பார்த்ததில்லை.

சேர்ந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகக்கூடாது, விக்கிரகத்தைக் கும்பிடக்கூடாது, செத்த மாட்டின் இறைச்சி தின்னக்கூடாது. இந்த மூன்றும்தான் நிபந்தனை. திருவிழாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்றார்கள். ஊர் சும்மா விடவில்லை. கிணற்றை அடைத்தார்கள், வேலையை நிறுத்தினார்கள். சோற்றை விட்டு வந்தவர்களைச் சோற்றுக்கு வந்தவர்கள் என்பது எந்த ஊர் நியாயம்? மாதிகரைச் சேர்க்காமல் இருந்தால் நாங்கள் வருகிறோம் என்று மேல்சாதிக்காரர்கள் சிலர் பேசிப் பார்த்தபோது கிளஃப் அதற்கு இசையவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

பிறகு பஞ்சம். பஞ்சத்தைப் பார்வையிட அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வந்து நிவாரண வேலைக் கூலியை ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து மல்லுக்கட்டினார். அந்தச் சமயத்தில் பக்கிங்காம் கால்வாயில் சுமார் மூன்றரை மைல் தோண்டும் ஒப்பந்தத்தைக் கிளஃப் எடுத்தார். இளவயதில் மினசோட்டாவில் நில அளவையாளராக இருந்தவர்; மட்டம் பார்க்கத் தெரியும். போதகர்களையே மேஸ்திரிகளாக்கி, ஆளுக்கு நூறு பேர் என்று பிரித்துக் கொடுத்தார்.

மண்வேலை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். குழி வெட்டும்போது நடுவில் ஒரு மண்திட்டை வெட்டாமல் விடுவார்கள். அதன் உயரம்தான் எவ்வளவு ஆழம் தோண்டினாய் என்பதற்குச் சாட்சி. அதை அளந்து எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் ஏற்றினால்தான் கூலி. உப்புக்காற்றில், பசித்த வயிற்றோடு, மணலும் களியும் கலந்த கடலோர மண்ணை வெட்டிக் கூடையில் கரையேற்றியவர்கள் பிச்சை வாங்கவில்லை. இன்றும் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை 420 கிலோமீட்டர் கிடக்கும் அந்தக் கால்வாய்க்கு 1878-இல் ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். தோண்டியவர்களுக்கு ஒரு கல்வெட்டு இல்லை.

இன்னொன்றும் உண்டு. கூலியும் நிவாரணப் பணமும் தன் கை வழியாகப் போய்க்கொண்டிருந்த மாதங்களில் ஒருவருக்குக்கூட ஞானஸ்நானம் கொடுக்காமல் கிளஃப் நிறுத்தி வைத்தார். ஒரு வருஷத்துக்கும் மேல். பஞ்சம் தணிந்து, கொடுக்க இனிப் பணமில்லை என்று சொன்ன பிறகும் வெல்லம்பள்ளியில் குண்டலகம்மா ஆற்றங்கரைக்குச் சனம் வந்து நின்றது. பணம் கேட்டு வரவில்லை என்றுதான் அவர்கள் பதில் சொன்னார்கள். ஜூலை 2-இல் 614 பேர், 3-இல் 2,222, 4-இல் 700. தண்ணீரில் நின்று முழுக்குக் கொடுத்தவர்கள் நாட்டுப் போதகர்கள் ஆறு பேர், முறை மாற்றி இருவர் இருவராக. கிளஃப் கரையில் நின்றார். அந்த ஆண்டு முடிவில் சபையின் உறுப்பினர் எண்ணிக்கை பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியது.

கூழுப் பேச்சு வெறும் வாய்ப்பேச்சாக நின்றிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மதம் மாறியதற்கான விலையைச் சட்டமும் வாங்கியது. 1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் இல்லை என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் மாதிகருக்கு இன்றுவரை இல்லை. தெரு மாறவில்லை, கூப்பிடும் பெயர் மாறவில்லை, உரிமை மட்டும் போனது. அந்த மூன்றாம் பத்தியை நீக்க வேண்டும். சபைகளும் அடுத்த ஆண்டுவிழா மலரில் கிளஃப் படத்துக்கு முன்பாகப் பேரய்யா, நாகம்மா பெயர்களை அச்சடிக்க வேண்டும்.