‘யூதர்’ என்று எழுதும் முன்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு படம் போட்டிருந்தார். மேலே, காஸாவில் இடிபாடுகளுக்குள்ளிருந்து தூக்கிவரப்படும் ஒரு குழந்தை. கீழே ஹிட்லரின் முகம். யூதர்களில் கொஞ்சம் பேரை விட்டுவைத்தேன், மற்றவர்களை ஏன் கொன்றேன் என்று உலகம் புரிந்துகொள்ளட்டும் என்று அவர் சொன்னதாக இரண்டு வரி.

சித்தப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். அந்தக் குழந்தையைப் பார்த்ததிலிருந்து ராத்திரி தூக்கமே இல்லை என்று சித்தி சொன்னார். நம்புகிறேன். படத்தைப் பார்த்து எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அந்த இரண்டு வரி பொய். ஹிட்லர் அப்படிப் பேசியதற்கோ எழுதியதற்கோ எந்தச் சான்றும் இல்லை. யாரோ கட்டிவிட்டது, காஸாவில் குண்டு விழும்போதெல்லாம் மறுபடி சுற்றுக்கு வரும். பொய் என்பதைவிடக் கொடுமை, அது செய்யும் வேலை. ஹிட்லர் ஆட்சி கொன்ற 60 லட்சம் யூதர்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அந்தக் கொலைகளுக்கு நியாயம் கற்பிக்க இன்னொரு குழந்தையைச் சாட்சிக்கு இழுத்து வருகிறது அந்தப் படம்.

நான் 22 வருஷமாக உலகச் செய்திப் பக்கத்தில் வேலை செய்கிறவள். ஏஜென்சி அனுப்பும் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவது, சுருக்குவது, தலைப்பு வைப்பது. ‘ஆன்டிசெமிட்டிசம்’ என்று வந்தால் ‘யூத எதிர்ப்பு’ என்று போடுவதுதான் மேசை வழக்கம். நானும் வருஷக்கணக்காக அப்படித்தான் போட்டேன். இப்போது போடுவதில்லை. தமிழில் ‘எதிர்ப்பு’ என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. இந்தி எதிர்ப்பு, ஏகாதிபத்திய எதிர்ப்பு, சாதி எதிர்ப்பு என்று கேட்டுப் பழகிய காது, எதிர்க்கிறவர் பக்கம் ஏதோ நியாயம் இருக்கிறது என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடும். யூதராகப் பிறந்த காரணத்துக்காக ஒருவரை அடிப்பதற்கு அந்த மரியாதை கிடைக்கக் கூடாது. அதற்குப் பெயர் யூத வெறுப்பு.

ஜெர்மானிய மொழியிலும் பழைய சொல் ‘யூத வெறுப்பு’ என்ற பொருளில்தான் இருந்தது. வில்ஹெல்ம் மார் என்பவர் 1879-இல் பெர்லினில் ‘ஆன்டிசெமைட்’ என்ற பெயரிலேயே ஒரு சங்கம் தொடங்கினார். அதன் பிறகு புதுச்சொல் பரவியது. வெறுப்பு என்று சொன்னால் படிக்காதவன் பேச்சாகத் தெரியும். ‘செமிட்டிக்’ என்று சேர்த்துக்கொண்டால் இன ஆராய்ச்சி மாதிரி, விஞ்ஞானம் மாதிரி இருக்கும். மார் ஒரு பத்திரிகையாளர். என் தொழில்காரர் கையால் நடந்த காரியம் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

‘அரபுகளும் செமிட்டிக் இனம்தானே, அவர்கள் எப்படி செமிட்டிக் விரோதிகள் ஆவார்கள்?’ என்று கேட்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். செமிட்டிக் என்பது ஒரு மொழிக் குடும்பத்தின் பெயர். கால்டுவெல் 1856-இல் எழுதிய திராவிட மொழிக் குடும்பம் போல. அரபும் ஹீப்ருவும் அதில் அடக்கம். ஆனால் மார் குறிவைத்தது யூதர்களை மட்டும்தான். சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு வாதாடினால் அடிபட்டவரின் காயம் இல்லாமல் போய்விடுமா?

நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். 2014-இல் காஸா போர் நடந்த ஜூலை மாதம். முதல் தலைப்பில் ‘இஸ்ரேல் தாக்குதல்’ என்று வந்துவிட்டது. ஒரே சொல் அடுத்தடுத்து வரக் கூடாது என்பது மேசையில் கற்றுக்கொடுத்த பாடம். ஆகவே துணைத் தலைப்பில் ‘யூதர்களின் குண்டுவீச்சு’ என்று போட்டேன். பிழைதிருத்துபவர் கண்ணிலும் படவில்லை, ஆசிரியர் கண்ணிலும் படவில்லை. குண்டு போட்டது ஓர் அரசின் விமானப்படை. நான் எழுதியதோ நியூயார்க்கில் ரொட்டிக் கடை வைத்திருப்பவரையும், கொச்சியில் மட்டாஞ்சேரி யூதத் தெருவில் வாழ்ந்து முடித்த கிழவியையும் விமானத்தில் ஏற்றிவிட்டது.

யூதர் எல்லோரையும் இப்படி ஒரே ஆளாகப் பார்ப்பது எங்கே போய் முடியும் என்று ஐந்து வருஷம் கழித்துப் புரிந்தது. 2019 அக்டோபர் 9, ஜெர்மனியின் ஹாலே நகரம். யூதர்கள் நாள் முழுக்க உண்ணாதிருந்து வழிபடும் யோம் கிப்பூர். ஜெப ஆலயத்துக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். வாசலில் போலீஸ் காவல் இல்லை. வீட்டிலேயே செய்த துப்பாக்கிகளோடு வந்தவன் கதவைச் சுட்டான், வெடி வைத்தான். மரக்கதவு திறக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் வாசல் கேமராவின் திரையில் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்தியைத் தமிழாக்கும்போது அந்த வரியில் நின்றுவிட்டேன். தன்னைக் கொல்ல வந்தவன் கதவோடு மல்லுக்கட்டுவதைச் சின்னத் திரையில் பார்த்தபடி, பசித்த வயிற்றோடு நிற்பது எப்படி இருக்கும்? உள்ளே போக முடியாத ஆத்திரத்தில் அவன் தெருவில் போன ஒரு பெண்ணைச் சுட்டான். பிறகு பக்கத்தில் இருந்த துருக்கிக் கபாப் கடைக்குள் புகுந்து 20 வயது இளைஞன் ஒருவனைக் கொன்றான். இதையெல்லாம் இணையத்தில் நேரலையாக ஓட்டினான். பெண்ணுரிமை, குடியேற்றம், பிறப்பு விகிதம் குறைவது என எல்லாவற்றுக்கும் வேர் யூதன்தான் என்று கேமரா முன் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தான். யூதரைக் கொல்ல வந்தவன் கை, யூதர் அகப்படாதபோது முஸ்லிம் கடையைத் தேடிப் போனதை நம் வாதங்களில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

மறுபக்கத்தில் நடக்கும் அநியாயமும் சின்னதில்லை. காஸாவில் பல்லாயிரம் பேர் செத்திருக்கிறார்கள். கேள்வி கேட்டால் ‘யூத வெறுப்பாளன்’ என்று வாயடைக்கிறார்கள். யூத வெறுப்பு எது என்று 2016-இல் ஐஎச்ஆர்ஏ என்ற சர்வதேச அமைப்பு ஏற்ற வரையறையைத்தான் பெரும்பாலும் கையில் எடுக்கிறார்கள். மற்ற நாடுகளை விமர்சிப்பது போல இஸ்ரேலை விமர்சிப்பது யூத வெறுப்பு ஆகாது என்று அந்த வரையறையே சொல்கிறது. ஆனால் அது தரும் 11 உதாரணங்களில் ஏழு இஸ்ரேல் சம்பந்தப்பட்டவை. இழுத்து வளைக்க அங்கே இடம் இருக்கிறது. அதன் மூல வடிவத்தை எழுதியவர்களில் முக்கியமானவரான கென்னத் ஸ்டெர்ன், பல்கலைக்கழகங்களில் பேச்சை அடக்க அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று வெளிப்படையாகவே எதிர்த்திருக்கிறார். அவர் ஒரு யூதர். 2023 அக்டோபர் 27 இரவு நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் கறுப்புச் சட்டையோடு உட்கார்ந்து, போரை நிறுத்து என்று முழங்கிக் கைதான நூற்றுக்கணக்கானோரில் பெரும்பாலோரும் யூதர்கள்தான்.

இஸ்ரேல்தான் யூதர், யூதர்தான் இஸ்ரேல் என்று நெதன்யாகுவின் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். ஹிட்லர் படத்தைப் பகிர்கிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். அந்த ரயில் நிலையத்தில் உட்கார்ந்தவர்களை இரண்டு கூட்டமும் இல்லாதவர்களாக்கிவிடுகின்றன.

குழுவில் எதுவும் எழுதாமல் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

“ஏம்மா, நீ பத்திரிகையில இருந்துக்கிட்டு அவனுங்களுக்குப் பரிஞ்சு பேசுறியா?” என்றார்.

“சித்தப்பா, 1991 ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன்.

அப்போது அவர் திருச்சி உறையூரில் இருந்தார். மாடியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. ஒரு டீச்சரம்மா, வயசான மாமியார், இரண்டு பெண் பிள்ளைகள். மே 21-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மறுநாள் சாயங்காலமே தெருக்காரர்கள் நாலைந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள். சிலோன்காரங்களைக் காலி பண்ணச் சொல்லுங்க என்றார்கள். நான் அப்போது பள்ளி லீவுக்கு அங்கே போயிருந்தேன். சித்தப்பா பனியனோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு, “கொன்னவன் வேற, குடியிருக்கிறவன் வேற. போய்ட்டு வாங்க” என்றார். அந்தக் குடும்பம் இன்னும் மூன்று வருஷம் அங்கேதான் இருந்தது.

நான் அதைச் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. சித்தி பாத்திரம் கழுவுவது மட்டும் கேட்டது.

“சரி, அந்தப் படத்தை எடுத்துடறேன்” என்றார். “ஆனா அந்தப் புள்ளைங்களைப் பத்தி நீ எழுதாம இருந்துடாதே.”

“தினமும் எழுதுறேன் சித்தப்பா” என்றேன்.

அன்றிரவும் காஸாவிலிருந்து ஒரு செய்தி மேசைக்கு வந்திருந்தது. ‘இஸ்ரேல் விமானப்படை’ என்று தலைப்பில் ஒருமுறை எழுதினேன். துணைத் தலைப்பிலும் அதையே மறுபடி எழுதினேன்.