எட்டாத ஸ்டியரிங்



எங்கள் நிலையத்தில் ஒரு பழைய ஜப்பான் ஜீப் நிற்கிறது. கொழும்பிலுள்ள நலன்விரும்பி ஒருவர் தான் பல வருடம் ஓடிய பின்னர் எங்களுக்குத் தந்தது. கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணிகள், நீதிமன்றத்துக்குப் போகும் தாய்மார், காணி அலுவலாக மன்னார்வரை போகவேண்டிய குடும்பங்கள் என்று எல்லோரையும் ஏற்றிப் போவது அதுதான். அதற்குச் சாரதியாகச் சென்ற வருடம் ஒரு சகோதரியை நியமித்தோம். 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர்களில் அவளுடைய குடும்பமும் ஒன்று. அப்போது அவள் உம்மாவின் மடியில் கைக்குழந்தை. இன்று கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறாள். பகலில் வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்து, மிச்சம் பிடித்த காசில் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தவள்.

வேலைக்கு வந்த முதல் வாரமே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். “மிஸ், ஸ்டியரிங் கீழ இறங்குதில்ல.”

அந்த ஜீப்பின் ஸ்டியரிங்கை மேலும் கீழும், முன்னும் பின்னும் நகர்த்தலாம். கையால் அல்ல, பக்கத்திலுள்ள சிறிய சுவிட்ச்சை அழுத்தினால் உள்ளே ஒரு மோட்டார் நகர்த்தும். சாவியை எடுத்ததும், சாரதி இறங்க வசதியாக அது தானாகவே மேலே போய்விடும். சாவியைப் போட்டதும் பழைய இடத்துக்கு வரும். இப்போது மேலே போனது மேலேயே நின்றுவிட்டது.

அவள் ஐந்து அடிக்கும் குறைந்த உயரம். ஸ்டியரிங்கின் இடைவெளிக்குள்ளால்தான் வீதியைப் பார்க்க முடிந்தது. கீழே தலையணை வைத்தால் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. ஆசனத்தை முன்னால் இழுத்தால் முழங்கால் முட்டியது. மூன்றாவது நாள் பாலாவிச் சந்தியில் ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார். அன்று மாலை சாவியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

ஒரு பெரிய கராஜில் காட்டினோம். “முழு ஸ்டியரிங் தண்டையும் மாற்ற வேண்டும்” என்றார்கள். சொன்ன விலை அவளுடைய மூன்று மாதச் சம்பளம். கூட்டத்தில் ஒருவர், “உயரமான ஆண் சாரதி ஒருவரைப் போட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே?” என்றார். சிலர் தலையாட்டினார்கள். நானும் உடனே மறுத்துப் பேசவில்லை. ஒரு பியூசைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் ஒரு பெண்ணின் தொழிலைக் கழற்றிவிட நாங்கள் தயாராகியிருந்தோம். அந்த வெட்கத்தினால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

எது இறுகியிருக்கிறது?

“ஸ்டியரிங் இறுகிவிட்டது” என்று மூன்று வேறு பிரச்சினைகளுக்கு ஒரே வார்த்தையைச் சொல்கிறோம். இதனால்தான் கராஜில் ஏமாறுகிறோம்.

முதலாவது: வாகனம் நிற்கும்போது ஸ்டியரிங்கும் திரும்பாது, சாவியும் திரும்பாது. இது பழுதல்ல, திருட்டுக்கு எதிரான பூட்டு. ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெதுவாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் விடுபடும். பலவந்தமாகத் திருப்பினால் சாவிதான் உடையும்.

இரண்டாவது: ஓடும்போது ஸ்டியரிங் பாரமாகிவிடும். இது பவர் ஸ்டியரிங்கின் கோளாறு. எண்ணெய் குறைந்திருக்கலாம், பெல்ட் அறுந்திருக்கலாம், மின்சார வகையானால் எச்சரிக்கை விளக்கு எரியும். இது ஆபத்து. ஓரமாக நிறுத்திவிட்டு உதவி கேட்க வேண்டும்.

மூன்றாவது: ஸ்டியரிங் நன்றாகத் திரும்பும், ஆனால் அதன் உயரத்தையோ தூரத்தையோ மாற்ற முடியாது. எங்கள் ஜீப்புக்கு வந்தது இதுதான். உங்கள் வாகனத்தில் மோட்டார் இல்லாவிட்டால், ஸ்டியரிங் தண்டின் கீழே ஒரு நெம்புகோல் இருக்கும். அதை விடுவித்து, வேண்டிய இடத்தில் வைத்து, மீண்டும் பூட்ட வேண்டும். வாகனம் ஓடும்போது இதை ஒருபோதும் தொடாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

தேங்காய்த் துருவலை மேசை விளிம்பில் இறுக்கும் திருகாணியை நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றினால் தட்டு மேலே ஏறும், எதிர்ப்பக்கம் சுற்றினால் இறங்கும். ஸ்டியரிங் தண்டிலும் அப்படியொரு திருகு இருக்கிறது. நாம் கையால் சுற்றுவதை அங்கே ஒரு சிறிய மோட்டார் செய்கிறது. உயரத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என இரண்டு மோட்டார்கள் பல வாகனங்களில் உண்டு. எங்கே நின்றது என்பதை ஒரு சிறிய கணினிப் பெட்டி ஞாபகம் வைத்துக்கொள்கிறது.

சாரதி இறங்குவதற்காக ஒதுங்கும் ஸ்டியரிங் புதியதல்ல. அமெரிக்காவில் 1961ஆம் ஆண்டின் போர்ட் தண்டர்பேர்ட் காரில், கியரைப் பார்க்கில் போட்டு நிறுத்தியதும் ஸ்டியரிங்கைக் கையால் பக்கவாட்டில் தள்ளிவிடலாம். அது சொகுசாகத் தொடங்கியது. எங்கள் உயரமுள்ள பெண்களுக்கோ அது சொகுசு அல்ல, தேவை. வாகனங்களை மோதிச் சோதிக்கும் பொம்மைகளைப் பல காலம் சராசரி ஆணின் உடல் அளவில்தான் செய்தார்கள். ஆசனமும் பெடலும் யாருடைய உடலை நினைத்து அமைக்கப்பட்டன என்பது இதிலிருந்து விளங்கும். உட்கார முடியாமல் போனது அவளுடைய குறை அல்ல.

ஏன் நின்றது?

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது அந்த ஜீப் பல மாதங்கள் தென்னைமரத்தின் கீழ் நின்றது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது என்பதை உங்கள் வீட்டு யன்னல் கம்பிகளே சொல்லும். பற்றரி செத்துப்போனது. பின்னர் பழைய பற்றரி ஒன்றைப் பூட்டி ஓட்டினார்கள். அப்போதிருந்த சாரதி உயரமானவர். ஸ்டியரிங் மேலேயே நின்றது அவருக்குத் தொந்தரவாக இருக்கவில்லை. ஆகவே யாரும் முறைப்பாடு செய்யவில்லை.

கோளாறைக் கண்டுபிடித்தது அந்தச் சகோதரிதான். சுவிட்ச்சை அழுத்தும்போது மெல்லிய ‘டிக்’ சத்தம் வந்தது. அதே நேரம் கூரை விளக்கு கொஞ்சம் மங்கியது. “மிஸ், தோட்டத்துல பம்புக்கு மணல் அடைச்சா இப்பிடித்தான். மோட்டார் சுத்தப் பாக்கும், சுத்த ஏலாது. கொட்டில் பல்ப் மங்கும். மோட்டார் செத்திருந்தா பல்ப் ஏன் மங்குது?” என்றாள்.

சமூகவியல் படித்த எனக்கு இது தெரியாது. கற்பிட்டி வீதியோரம் உள்ள ஒரு சிறிய கராஜுக்குப் போனோம். அவள் சொன்னதைக் கேட்ட நானா, “தங்கச்சி சொல்றது சரி. மின்சாரம் போகுது, எங்கயோ இறுகியிருக்கு” என்றார். அதன் பிறகு அவர் பார்த்த ஒழுங்கை எழுதுகிறேன். செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போகும் ஒழுங்கு இது.

1. பற்றரி. ஓய்வாக நிற்கும் நல்ல பற்றரியில் ஏறத்தாழ 12.6 வோல்ட் இருக்க வேண்டும். எங்களுடையதில் 12க்கும் குறைவு. முதலில் அதைச் சார்ஜ் செய்தார். பலவீனமான பற்றரியில் இந்த மோட்டார்கள் பாதியில் நின்றுவிடும்.

2. பியூஸ். மூடியில் உள்ள படத்தைப் பார்த்து உரிய பியூசைக் கழற்றிப் பார்த்தார். எங்களுடையது நல்லது. எரிந்திருந்தால் அதே இலக்கமுள்ள பியூசையே போட வேண்டும். சிகரட் பெட்டித் தாளோ கம்பியோ சுற்றினால் வாகனம் தீப்பற்றலாம்.

3. சுவிட்ச்சும் சாவித் துவாரமும். சாவி உள்ளே இருக்கிறதா என்று அறிவிக்கும் சிறிய சுவிட்ச் பழுதானாலும் ஸ்டியரிங் கீழே வராது.

4. இணைப்புகள். உப்புக் காற்றில் செப்பு முனைகள் பச்சை பூத்துவிடும். ஒன்று அப்படி இருந்தது. துடைத்தார்.

5. மோட்டார். அதைத் தண்டிலிருந்து கழற்றி, பற்றரியில் நேரடியாக ஒரு கணம் தொட்டுப் பார்த்தார். நன்றாகச் சுற்றியது. ஆகவே குற்றம் திருகில்தான்.

திருகைப் பார்த்தோம். பழைய கிரீஸ் காய்ந்து தொதல்போல இறுகி, தூசியுடன் ஒட்டியிருந்தது. நுனியில் துரு. துடைத்து, புதிய கிரீஸ் பூசி, கையால் அரைச் சுற்றுச் சுற்றியதும் இலகுவானது. மோட்டாரைப் பூட்டி சுவிட்ச்சை அழுத்தினார். ஸ்டியரிங் மெதுவாக இறங்கி வந்தது. மேலிருந்து கீழ்வரை சில தடவை முழுமையாக ஓடவிட்டார். அப்போதுதான் கணினிப் பெட்டி எல்லைகளை மீண்டும் அறிந்துகொள்ளும் என்றார். அரை நாள் வேலை. கூலி, தோட்ட வேலையின் இரண்டு நாள் சம்பளம் அளவு.

எல்லா வாகனத்துக்கும் இதே முடிவு வராது. மோட்டார் சுற்றும் சத்தம் நன்றாகக் கேட்டும் ஸ்டியரிங் நகராவிட்டால், உள்ளேயுள்ள பிளாஸ்ரிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். அப்போது பாகம் மாற்றத்தான் வேண்டும். மாற்ற வசதி இல்லாவிட்டால், சாரதிக்குச் சரியான இடத்தில் ஸ்டியரிங்கைக் கொண்டுவந்து நிறுத்தி, தானாக எழும்பும் வசதியை நிறுத்திவிடும்படி கேட்கலாம். அங்கேயே நின்றால் ஓடுவதற்குத் தடையில்லை. ஆனால் தண்டு ஆடக்கூடாது. கம்பியால் கட்டுவதற்கோ ஒட்டு வைப்பதற்கோ சம்மதிக்காதீர்கள்.

நீங்கள் கை வைக்கக்கூடாத இடம்

பற்றரி, பியூஸ், சுவிட்ச் ஆகியவற்றை நாமே பார்க்கலாம். ஸ்டியரிங்கின் மூடியையும் அதன் நடுப்பகுதியையும் நாமே கழற்றக்கூடாது. அங்கே எயார்பேக் இருக்கிறது. அது கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும். அதன் வயர்களுக்கும் இணைப்புகளுக்கும் பெரும்பாலும் மஞ்சள் நிறம். மஞ்சளைத் தொடவே வேண்டாம். வேலை தெரிந்தவரும் பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிட்டு, வாகனத்தின் கைந்நூல் சொல்லும் நேரம் காத்திருந்த பின்னரே தொட வேண்டும். பல ஜப்பான் வாகனங்களுக்கு இது 90 செக்கன். எங்கள் நானா அப்படிக் காத்திருந்தார். காத்திருக்காதவரிடம் வாகனத்தைக் கொடுக்காதீர்கள். இன்னொன்று: இடைவெளிக்குள் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ ஊற்றாதீர்கள். அது திருகுக்குப் போகாது, மின் இணைப்புகளில் தூசியைச் சேர்க்கும்.

சரியாக அமர்வது எப்படி?

முதலில் ஆசனம், பிறகு ஸ்டியரிங். முதுகு முழுவதும் சாய்ந்திருக்க, பிரேக்கை அடிவரை அழுத்தும்போது முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். ஸ்டியரிங்கின் மேல் விளிம்புக்கு மேலால் வீதியும், உள்ளால் மீற்றர்களும் தெரிய வேண்டும். அதன் நடு உங்கள் முகத்தை அல்ல, நெஞ்சைப் பார்க்க வேண்டும். பிள்ளையின் 30 சென்றிமீற்றர் அடிமட்டத்தை எடுத்து, நெஞ்செலும்பிலிருந்து ஸ்டியரிங்கின் நடுவரை அளந்து பாருங்கள். 25 சென்றிமீற்றருக்குக் குறையக்கூடாது. 1990களில் அமெரிக்காவில், ஸ்டியரிங்குக்கு மிக நெருங்கி அமர்ந்த உயரம் குறைந்த பெண்கள் சிலர், சிறு மோதலிலேயே எயார்பேக் தாக்கி இறந்தார்கள். அதன் பிறகே இந்த அளவை வற்புறுத்தினார்கள். கர்ப்பிணிகள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். ஆசனப்பட்டியின் கீழ்ப்பகுதி வயிற்றுக்கு மேலே அல்ல, கீழே இடுப்பில் இருக்க வேண்டும்.

கராஜில் என்ன பேசுவது?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் பழைய வாகனங்களை வைத்தே எல்லோரும் சமாளித்தோம். அவற்றில் பல இன்னும் ஓடுகின்றன. ஆகவே திருத்தத் தெரிந்தவரைத் தேடுவது அவசியம்.

“ஸ்டியரிங் பழுது” என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது நின்றது, என்ன சத்தம் வருகிறது, விளக்கு மங்குகிறதா என்று சொல்லுங்கள். “பற்றரியும் பியூசும் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். பாகம் மாற்றினால் பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். விலையை வேலைக்கு முன்னர் எழுத்தில் வாங்குங்கள். இன்னொரு கராஜிலும் கேட்பது மரியாதைக்குறைவு அல்ல.

இப்போது அந்தச் சகோதரிதான் ஜீப்பை ஓட்டுகிறாள். மாதத்துக்கு ஒரு தடவை ஸ்டியரிங்கை மேலும் கீழும் ஓடவிட்டு, பற்றரி முனைகளைத் துடைக்கிறாள். சென்ற கூட்டத்தில் வாகனக் கணக்கை அவளே வாசித்தாள். ஆண் சாரதியைப் போடலாம் என்றவர், “அந்தக் கராஜ் எங்கே இருக்கிறது?” என்று அவளிடம் கேட்டு எழுதிக்கொண்டார்.

வான், முச்சக்கரவண்டி, ஸ்கூட்டர் என்று எதை ஓட்டும் சகோதரியாக இருந்தாலும், உங்களுக்கு வந்த கோளாறையும் அதைத் தீர்த்த விதத்தையும் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்தவருக்கு உதவும்.