பொறுப்பு யாருடையது?

செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாள். அதையொட்டி வருடாவருடம் மாவட்டந்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு சைக்கிள் போட்டி நடக்கும். நடத்துவது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். 13 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 15 கி.மீ., பெண்பிள்ளைகளுக்கு 10 கி.மீ. அதற்கு மேல் 17 வயது வரை பையன்களுக்கு 20, பெண்களுக்கு 15.

நல்ல போட்டிதான், நிறுத்தச் சொல்லவில்லை. சாதாரண சைக்கிள்தான் கொண்டுவர வேண்டும், கியர் வண்டி கூடாது. அதனால்தான் கூலிக்காரர் பிள்ளையும் டாக்டர் பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்க முடிகிறது. என் சண்டையெல்லாம் செய்திக் குறிப்பின் கடைசிப் பக்கமாக வரும் ஒரு வரியோடுதான். எதிர்பாராத விபத்துக்கும் பொருள் இழப்புக்கும் கலந்துகொள்ளும் மாணவ மாணவியரே முழுப் பொறுப்பு என்கிறார்கள். ஒரு மாவட்டம் என்றில்லை, பல மாவட்டங்களில் இதே வாசகம்தான்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை முழுப் பொறுப்பாம்! அந்தப் பிள்ளை ஒரு சென்ட் நிலத்துக்குக் கையெழுத்துப் போட்டால் செல்லாது. 18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தமே செல்லாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லியாயிற்று. நிலத்துக்குச் செல்லாத கையெழுத்து மண்டை உடைந்தால் மட்டும் செல்லுமா?

நம் பக்கத்து ரோடுகளை எண்ணிப் பாருங்கள். அறுவடைக் காலமானால் ராகிக் கதிரும் கொள்ளும் தார் ரோட்டில்தான் காயும். வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை, ஓரத்தில் அரை அடி பள்ளம், குறுக்கே ஆடு, மரவள்ளி லோடு ஏற்றிய டிராக்டர். தனியாகப் போகிறவன் பார்த்துப் போவான். நூறு பிள்ளைகள் ஒன்றாய்க் கிளம்பினால் முன்னால் போகிறவனின் முதுகுதான் தெரியும், பள்ளம் தெரியாது. ஒருவன் விழுந்தால் பின்னால் பத்துப்பேர் விழுவார்கள். அண்ணன் சைக்கிளைக் கொண்டுவந்து, கால் எட்டாமல் நுனிவிரலில் மிதிக்கிற பிள்ளைகளும் அதில் உண்டு.

ஆந்த்ரே கிவிலெவ் என்று கஜகஸ்தான் வீரர் ஒருவர். 2003 மார்ச்சில் பிரான்ஸில் நடந்த போட்டியில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து இறந்தார். அந்த வருடமே உலக சைக்கிள் சங்கம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. தொழில்முறை வீரருக்கே அந்தக் கதி. என் கண்ணில் பட்ட நம் செய்திக் குறிப்புகளில் வயதுச் சான்றிதழ் உண்டு, வங்கிக் கணக்கு விவரம் உண்டு, ஹெல்மெட் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

2024 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில் உலகப் போட்டி. முரியல் ஃபுரர் என்ற 18 வயதுப் பெண் மழையில் காட்டுப்பாதையில் விழுந்தாள். அவள் விழுந்தது நெடுநேரம் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் இறந்துபோனாள். அத்தனை வசதியுள்ள ஊரிலேயே ஒரு தலை குறைந்ததை எண்ணிப் பார்க்க ஆளில்லை. இங்கே புளியமரத்துப் பக்கம் பள்ளத்தில் ஒரு பிள்ளை கிடந்தால், எப்போது தெரியும்? பரிசு கொடுத்து முடித்து, பந்தலைப் பிரித்த பிறகா?

சென்னை, கோவை, பெங்களூருவில் 200, 300 கி.மீ. என்று பெரியவர்கள் ஓட்டுகிறார்கள். 200 கி.மீ.க்கு பதிமூன்றரை மணி நேரம் கெடு. இரவில் ஓட்டுவதென்றால் விளக்கும் ஒளிரும் சட்டையும் இல்லாமல் விடமாட்டார்கள். வளர்ந்த ஆளுக்கு இவ்வளவு சோதனை!

“அந்தக் காலத்தில் நாமெல்லாம் ஹெல்மெட்டா போட்டோம்?” என்று கேட்கும் நண்பர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்கிறார்கள், தெரியும். அந்தக் காலத்தில் மணிக்கு ஒரு பஸ் வரும் ஐயா. அதுவும் ஹாரன் அடித்துக்கொண்டே வரும்.

மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த வரியை எடுக்க வேண்டும். ஹெல்மெட்டை நடத்துகிறவர்களே தர வேண்டும். கிளம்பும் முன் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் பிரேக் கட்டையையும் செயினையும் பார்க்க வேண்டும். வளைவுக்கு ஒரு ஆள், கடைசி சைக்கிளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ், கிளம்பும்போதும் வந்துசேர்ந்ததும் தலைக்கணக்கு. அவ்வளவுதான். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்கு வரலாம்.